நடுத்தர அளவுள்ள மடங்காத கத்திகள்: ஒப்பிடுவதும் மாற்றியமைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு, மலை, ஆற்றங்கரை என்று திறந்தவெளியில் தங்குவோர் இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொள்ளும் மடங்காத கத்திகளில், அலகு ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவற்றைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது. எதை வாங்குவது என்பதும், வாங்கியதை எப்படித் தன் கைக்கு ஏற்றதாக்குவது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அரத்தாலும் உப்புத்தாளாலும் ஒரு மாலைப்பொழுதில் திருத்திவிடக்கூடிய குறை எது, எவ்வளவு உழைத்தாலும் திருத்த முடியாத குறை எது என்று அறிந்தவரே நல்ல கத்தியைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்த அறிவோடு பார்த்தால், விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் எஃகின் பெயரைவிட அலகின் குறுக்குவெட்டும் பிடியின் வடிவமும் எவ்வளவு முக்கியமானவை என்பது விளங்கும்.

இந்த அளவு எதற்கு? சிறியதோ பெரியதோ போதாதா?

அலகு 8 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மரம் சீவுவதும் மீன் சுத்தம் செய்வதும் எளிது. விறகு பிளக்க முடியாது. 18 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெட்டுவதும் பிளப்பதும் எளிதாகும். ஆனால் நுனி கையிலிருந்து விலகிப் போவதால் நுணுக்கமான வேலை சிரமமாகிவிடும். இடைப்பட்ட அளவுதான் இரண்டையும் ஓரளவு செய்கிறது. கைக்கோடரியோ மடக்கு ரம்பமோ உடன் வைத்திருப்பவருக்கு 10 அல்லது 11 சென்டிமீட்டர் போதும். கத்தி ஒன்றை மட்டுமே நம்பிச் செல்பவர் 13 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பார்க்கலாம். கட்டையால் கத்தியின் முதுகில் அடித்து விறகு பிளக்கும் பேட்டனிங் முறையில், விறகின் மறுபக்கம் அலகின் நுனி 3 சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனவே 11 சென்டிமீட்டர் அலகால் 7 அல்லது 8 சென்டிமீட்டர் தடிமனுள்ள விறகைத்தான் ஒழுங்காகப் பிளக்க முடியும்.

ஒரே நீளமுள்ள இரண்டு கத்திகளை ஒப்பிடும்போது முதலில் எதைப் பார்ப்பது?

அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள். முதுகிலிருந்து கூர்விளிம்பு வரை எஃகு எப்படி மெலிந்து வருகிறது என்பதுதான் கத்தி எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சுவீடனின் மோரா கார்பெர்க் போன்ற ஸ்காண்டி சரிவுள்ள கத்தி. 3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலகு பெரும்பகுதி தட்டையாகவே வந்து, கீழே ஓர் அகலமான சரிவாக இறங்கி நேராகக் கூரில் முடிகிறது. இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து 25 பாகை என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவின் உயரம் சுமார் 7 மில்லிமீட்டர். இரண்டாவது, ஈஸி 4 போன்ற முழுத் தட்டைச் சரிவுள்ள கத்தி. முதுகில் 4.8 மில்லிமீட்டர் தடிமன். முதுகுக்கு அருகிலிருந்தே சீராக மெலிந்து வந்து, விளிம்பில் 40 பாகை அளவுள்ள ஒரு சிறிய இரண்டாம் சரிவாக முடிகிறது. இதன் அலகு 30 மில்லிமீட்டர் அகலம் என்றும், இரண்டாம் சரிவு தொடங்கும் இடத்தில் தடிமன் 0.6 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம்.

இனி கணக்கைப் பாருங்கள். விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் மேலே ஸ்காண்டி அலகின் தடிமன் சுமார் 0.44 மில்லிமீட்டர், தட்டைச் சரிவு அலகுக்குச் சுமார் 0.63. அதாவது விளிம்பை ஒட்டிய இடத்தில் ஸ்காண்டிதான் மெல்லியது. 5 மில்லிமீட்டர் மேலே போனால் நிலைமை தலைகீழாகிறது: ஸ்காண்டி 2.2 மில்லிமீட்டர், தட்டைச் சரிவு 1.2 மில்லிமீட்டர். மொத்தத்தில் தடிமன் குறைந்த கத்தி, வெட்டும் பொருளுக்குள் இறங்கியதும் தடிமன் கூடியதாக நடந்துகொள்கிறது. மரத்தை மெல்லிய சுருள்களாகச் சீவும்போது விளிம்பின் முதல் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே வேலை செய்வதால் ஸ்காண்டி அருமையாக ஓடுகிறது. அகலமான சரிவு மரத்தின்மீது படிந்து கோணத்தையும் பிடித்துக்கொடுக்கிறது. அதே கத்தியால் உருளைக்கிழங்கையோ ஆப்பிளையோ நறுக்கினால், அலகு பாதி இறங்குவதற்குள் பழம் வெட்டுப்படாமல் விரிந்து உடைகிறது. சமையலும் பொது வேலையும் அதிகமென்றால் தட்டைச் சரிவே சிறந்தது.

கடையில் வாங்குபவர் இந்த அளவுகளைத் துல்லியமாகக் காண்பது கடினம்தான். ஆனாலும் அலகைக் கண்ணுக்கு நேராக நுனிப்பக்கத்திலிருந்து பார்த்தாலே எஃகு எங்கே மெலியத் தொடங்குகிறது என்பது தெரியும். வெர்னியர் காலிபர் கையில் இருந்தால், இரண்டாம் சரிவுக்குச் சற்று மேலே ஒரே ஓர் அளவை எடுத்துப் பாருங்கள். 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர் என்றால் நல்ல அளவு. 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கத்தி வெட்டும்போது முரண்டு பிடிக்கும்.

குவிவுச் சரிவு, குழிவுச் சரிவு என்பவை?

குவிவுச் சரிவில் அலகின் பக்கங்கள் மெல்லப் புடைத்து வந்து விளிம்பில் சேர்கின்றன. விளிம்புக்குப் பின்னால் எஃகின் ஆதரவு இருப்பதால் எளிதில் உடையாது. விறகைப் பிளக்கும்போது மரத்தை ஒதுக்கித் தள்ளுவதிலும் சிறந்தது. 1995 முதல் சுவீடன் விமானப்படை விமானிகளுக்கு வழங்கப்பட்டு வரும் ஃபெல்க்னிவன் எஃப்1 இந்த வகைதான்: அலகு 97 மில்லிமீட்டர், தடிமன் 4.5 மில்லிமீட்டர். குழிவுச் சரிவு விளிம்பை மிக மெல்லியதாக்குகிறது. இறைச்சி அறுக்கவும் தோலுரிக்கவும் நன்று, விறகுக்கு ஏற்றதன்று.

தடிமன் கூடிய கத்திதானே உறுதியானது?

உறுதியானதுதான், ஆனால் அந்த உறுதி உங்களுக்குத் தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேபார் நிறுவனத்தின் பெக்கர் பிகே2 கத்தியின் அலகு சுமார் 13.3 சென்டிமீட்டர் நீளமும் 6.35 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதை உடைப்பது மிகக் கடினம். அதே சமயம் அதன் எடை அரைக் கிலோவை நெருங்குகிறது. அதைக்கொண்டு ஒரு மெல்லிய குச்சியில் காடி செதுக்குவது கைக்குச் சோதனை. அதே குடும்பத்தில் பிகே16 சுமார் 4.2 மில்லிமீட்டர் தடிமனோடு வருகிறது, பெரும்பாலோருக்கு அதுவே போதுமானது. மோரா கம்பேனியனின் 2.5 மில்லிமீட்டர் அலகுகூட, விறகைப் பொறுமையாகப் பிளப்பவரின் கையில் நெடுங்காலம் உழைக்கிறது. என் கருத்தில், இந்த அளவுள்ள கத்திகளுக்கு 3 முதல் 4.5 மில்லிமீட்டர் வரையிலான தடிமன் பொருத்தமானது. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரையும் நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும். அது பயன்படும் தருணமோ அரிதாகவே வரும்.

எஃகுகளின் பெயர்கள் குழப்புகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் எஃகிடம் நாம் எதிர்பார்ப்பவை நான்கு: அடி தாங்கும் வலிமை, கூர் நெடுநேரம் நிற்பது, துருப்பிடிக்காமை, எளிதில் தீட்ட முடிவது. நான்கையும் முழுமையாகத் தரும் எஃகு கிடையாது. திறந்தவெளிக் கத்திக்கு நான் முதலிடம் தருவது அடி தாங்கும் வலிமைக்கே. மழுங்கிய விளிம்பைக் கல்லில் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். பற்களாக உடைந்துபோன விளிம்பை மீட்க எஃகையே தேய்த்துக் கழிக்க வேண்டியிருக்கும்.

1095 என்பது சுமார் 0.95 சதவீதம் கார்பன் கொண்ட எளிய எஃகு. தீட்டுவது எளிது, எளிதில் துருவும் ஏறும். 80சிஆர்வி2 அதனினும் வலிமை கூடியது. ஃபின்லாந்தின் தெராவா ஜாகாரிபுக்கோ கத்திகளில் இதைக் காணலாம். சிபிஎம் 3வி பேட்டனிங் செய்வோர் விரும்பி வாங்கும் எஃகு. அடியும் தாங்கும், கூரும் நிற்கும், விலையும் உயர்வு. துருப்பிடிக்காத வகைகளில் 12சி27, 14சி28என் ஆகிய இரண்டும் மெல்லிய விளிம்பைத் தாங்கக்கூடியவை, கல்லில் விரைவாகக் கூரேறுபவை. டி2 மலிவான கத்திகளில் பரவலாக வருகிறது. கூர் நெடுநேரம் நிற்கும் என்றாலும் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. விறகில் முடிச்சு தட்டுப்பட்டால் விளிம்பு தெறிக்கும் வாய்ப்பு அதில் கூடுதல்.

எஃகின் பெயரைவிட அதைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் போட்ட விதமே பெரிது. நன்றாகப் பதம் போட்ட 1095, அரைகுறையாகப் பதம் போட்ட விலையுயர்ந்த எஃகைவிட எந்நாளும் மேலானது. ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை கடினமுள்ள கத்திகள் இந்தப் பயன்பாட்டுக்குப் பொருந்தும்.

குரோமியம் அதிகமானால் துருப்பிடிக்காது என்பது சரியா?

முழுவதும் சரியல்ல. எஃகில் கரைந்திருக்கும் குரோமியம் மட்டுமே துருவைத் தடுக்கிறது. கார்பனோடு சேர்ந்து கார்பைடாக மாறிய குரோமியத்தால் அந்தப் பயன் இல்லை. டி2 எஃகில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021 இல் அறிமுகமான மேக்னாகட் எஃகில் குரோமியம் 10.7 சதவீதமே, ஆனால் பதம் போட்ட பிறகு அதில் குரோமியக் கார்பைடு இல்லாதபடி கலவை அமைக்கப்பட்டிருப்பதால் துருவை அருமையாகத் தாங்குகிறது. கடலோரத்திலும் இடைவிடாத மழையிலும் திரிபவர் துருப்பிடிக்காத வகையையே வாங்குவது நல்லது. கத்தியை அன்றாடம் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கமுள்ளவருக்குக் கார்பன் எஃகால் எந்தத் தொல்லையும் வராது.

முழு டாங் இல்லாத கத்தியை வாங்கக் கூடாதா?

அலகின் எஃகு பிடிக்குள் தொடர்ந்து செல்லும் பகுதியைத்தான் டாங் என்கிறோம். பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் சென்றால் அது முழு டாங். பிடிக்குள் ஒடுங்கி மறைந்து சென்றால் மறை டாங். நல்ல அகலமுள்ள மறை டாங், பிடியின் கடைசிவரை சென்றால், சாதாரண வேலைக்கு முற்றிலும் போதுமானது. வட ஐரோப்பியப் புக்கோ கத்திகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்யப்படுகின்றன. குளிரில் எஃகு உள்ளங்கையில் படாமல் இருப்பதும், எடை குறைவதும் கூடுதல் நன்மைகள். தவிர்க்க வேண்டியது, அலகு முடியும் இடத்தில் செங்கோணமாகத் திடீரென ஒடுங்கும் டாங்கைத்தான். அடியின் விசை முழுவதும் அந்த மூலையில் குவிவதால் கத்தி அங்கேதான் முறியும்.

பிடியை எப்படி ஒப்பிடுவது?

படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இயன்றவரை கையில் பிடித்துப் பாருங்கள். நான்கு விரல்களும் நெருக்கமின்றி அமர வேண்டும். பிடியின் குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருந்தால், கண்ணால் பாராமலேயே கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கை அறியும். ஒவ்வொரு விரலுக்கும் தனிப் பள்ளம் வெட்டிய பிடிகள் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவரின் கைக்கு அளவெடுத்தவை, பிடிக்கும் முறையை மாற்றினால் உறுத்தும்.

பொருளைப் பொறுத்தவரை, துணியடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த மைக்கார்ட்டா, மெருகேற்றாமல் விட்டால் ஈரத்திலும் வழுக்காது. கண்ணாடியிழையாலான ஜி10 அதைவிடக் கடினமானது. ரப்பர் போன்ற பிடிகள் அதிர்வைத் தாங்கும், ஆனால் பூச்சித் தடுப்பு மருந்துகள் சிலவற்றால் பிசுபிசுத்துப் போகும். மரம் கைக்கு இதமானது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்.

வாங்கிய கத்தியில் மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது?

விளிம்பிலிருந்து. தொழிற்சாலையிலிருந்து வரும் விளிம்பு பெரும்பாலும் வேகமாகச் சுழலும் பட்டையில் தீட்டியதாக இருக்கும். கோணம் அடிப்பகுதியில் ஒன்றாகவும் நுனியில் வேறாகவும் இருப்பதுண்டு. அழியாத மையால் சரிவு முழுவதும் பூசிவிட்டு, கல்லில் இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம் கல்லில் படுகிறது, அழியாத இடம் படவில்லை. மை விளிம்போரத்தில் மட்டும் அழிந்தால் கத்தியின் முதுகைச் சற்றுத் தாழ்த்த வேண்டும்; மேல்பகுதியில் மட்டும் அழிந்தால் சற்று உயர்த்த வேண்டும். 400 எண் கல்லில் சரிவைச் சமன்செய்து, ஒரு பக்கம் முழுவதும் பிசிர் எழும்வரை தேய்த்து, பிறகு மறுபக்கம் தேய்த்து, 1000 எண் கல்லில் அதையே மென்மையாகத் திரும்பச் செய்து, இறுதியில் குரோமியம் ஆக்சைடு பூசிய தோல்பட்டையில் கூருக்கு எதிர்த்திசையில், அதாவது முதுகு முன்னே செல்லும்படி, இழுத்தால் பிசிர் நீங்கிவிடும்.

தட்டைச் சரிவுக் கத்தியில் ஒரு பக்கத்துக்கு 20 பாகை என்பது நல்ல தொடக்கம். விறகு பிளப்பது குறைவென்றால் 17 அல்லது 18 வரை இறங்கலாம். ஸ்காண்டி சரிவுக் கத்தியில், முடிச்சுள்ள மரத்தில் விளிம்பு மடங்கினாலோ தெறித்தாலோ, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு நுண்சரிவை விளிம்பில் சேர்த்துவிடுங்கள். சீவும் சுகம் சிறிது குறையும், விளிம்பு உறுதிப்படும். குவிவு விளிம்பு வேண்டுவோர், கணினிச் சுட்டியின் கீழ் வைக்கும் மெத்தையில் உப்புத்தாளை விரித்து, கூருக்கு எதிர்த்திசையிலேயே இழுத்துத் தீட்டலாம். மெத்தை அமுங்குவதால் சரிவு தானாகவே வளைவு பெறும்.

தீப்பொறித் தண்டை உரசினால் பொறி வரவில்லை. கத்தியின் முதுகை என்ன செய்ய வேண்டும்?

ஃபெர்ரோ தண்டிலிருந்து துகள்களைச் சீவி எடுக்க, முதுகின் ஓரம் துல்லியமான செங்கோணமாக இருக்க வேண்டும். கார்பெர்க் போன்ற சில கத்திகள் அப்படியே வருகின்றன. மற்றவற்றில் ஓரம் மழுங்கியோ, மேற்பூச்சால் மூடப்பட்டோ இருக்கும்.

இதற்கு மின்கருவி எதுவும் வேண்டாம். கூர்விளிம்பின்மீது தடித்த பட்டையை ஒட்டி மூடிவிட்டு, மெல்லிய தோல் வைத்துக் கத்தியை இடுக்கியில் முதுகு மேலே இருக்கும்படி இறுக்குங்கள். பதம் போட்ட எஃகில் சாதாரண அரம் வழுக்கும். வைரத்துகள் பதித்த தட்டோ, தட்டையான கட்டையில் சுற்றிய 120 எண் உப்புத்தாளோ பயன்படும். முதுகின் நீளவாக்கில், தட்டை இருபுறமும் சாயாதபடி, சமமாகத் தள்ளுங்கள். சில நிமிடங்களில் முதுகின் நடுவே ஒரு பளபளப்பான கோடு தோன்றும். அது அகன்று இரண்டு ஓரங்களையும் தொடும்போது வேலை முடிந்தது. நகத்தை ஓரத்தின் குறுக்கே மெல்ல இழுத்தால் வெண்மையான பொடி உதிரும்.

முதுகு முழுவதையும் இப்படிச் செய்துவிடாதீர்கள். பிடியை அடுத்த 3 அல்லது 4 சென்டிமீட்டரில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டியிருக்கும். அங்கே ஓரத்தை உருட்டி மென்மையாக்குவதே நல்லது. நுனியை ஒட்டிய பகுதி, பேட்டனிங் செய்யும்போது கட்டையில் அடிபடும் இடம். அங்கே கூரான ஓரம் இருந்தால் கட்டைதான் சிதையும். நடுப்பகுதியை மட்டும் செங்கோணமாக வைத்துக்கொண்டால் எல்லா வேலைக்கும் இடமிருக்கும்.

மேற்பூச்சை நீக்கலாமா?

நீக்கலாம். ஈஸி, பெக்கர் போன்ற கார்பன் எஃகுக் கத்திகளில் இருக்கும் சொரசொரப்பான பூச்சு துருவைத் தடுத்தாலும், மரத்தில் உராய்ந்து அலகை இழுத்துப் பிடிக்கிறது. வண்ணம் நீக்கும் திரவத்தைக் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டுச் சுரண்டினால் பூச்சு உரிந்து வரும். பிடித் துண்டுகளை முன்னதாகவே கழற்றிவிடுங்கள். நெருப்பில் காட்டிப் பூச்சைப் பொசுக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். பதம் இறங்கிவிடும், செய்யவே கூடாது. பூச்சு போன பிறகு உள்ளே இருப்பது வெறும் கார்பன் எஃகு என்பதால், அன்றே எண்ணெய் பூசத் தொடங்க வேண்டும்.

வினிகரில் ஊறவைத்துக் கருமையேற்றுவது பயன் தருமா?

ஓரளவு தரும். எண்ணெய்ப் பசை இல்லாமல் சோப்பு நீரில் கழுவிய அலகை வெதுவெதுப்பான வினிகரில் அரைமணி நேரம் வைத்தால் சாம்பல் நிறப் படலம் படியும்; கடுகுச் சாந்தைத் தடவினால் புள்ளியும் கோடுமாக வடிவங்கள் கிடைக்கும். கழுவிச் சோடா உப்புக் கரைசலில் அமிலத்தை முறித்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். இந்தப் படலம் செந்துரு பிடிப்பதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. கூர்விளிம்பை அமிலம் சற்று அரிக்கும் என்பதால், முடித்தபின் மீண்டும் தீட்ட வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் இது பலிக்காது.

பிடி கையை உறுத்துகிறது. நானே சரிசெய்யலாமா?

மைக்கார்ட்டா, ஜி10, மரம் ஆகியவற்றாலான பிடியென்றால் தாராளமாகச் செய்யலாம். எந்த மாற்றத்தையும்விட அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் கத்தியை அரைமணி நேரம் மரம் சீவப் பயன்படுத்துங்கள். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேரான இடத்தைப் பிடியில் பென்சிலால் குறியுங்கள். தட்டையான பக்கங்களும் கூரான ஓரங்களுமே பெரும்பாலும் குற்றவாளிகளாக இருக்கும். துணிப்பட்டை போல நீளமாகக் கிழித்த 120 எண் உப்புத்தாளைப் பிடியின்மீது போட்டு, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்தால் ஓரங்கள் உருண்டு வரும். இரண்டு பக்கங்களிலும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். சிறிது கழித்ததும் நிறுத்தி மறுபடி சீவிப் பாருங்கள். கழித்ததை மீண்டும் ஒட்ட முடியாது. இறுதியில் 220, 400 என்று ஏறினால் போதும். அதற்கு மேல் மெருகேற்றினால் ஈரத்தில் வழுக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். மைக்கார்ட்டா, ஜி10 இரண்டின் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானது. தூள் பறக்காதபடி நீரில் நனைத்துத் தேயுங்கள். அத்தோடு தூசி வடிகட்டும் தரமான முகக்கவசமும் அணியுங்கள்.

பழைய பிடித் துண்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது எப்படி?

இது கத்தியின் கட்டுமானத்தைப் பொறுத்தது. ஈஸி, பெக்கர் வகைகளில் திருகாணிகளைக் கழற்றினாலே பிடி பிரிந்து வரும்; அதே அளவில் மாற்றுத் துண்டுகளும் கிடைக்கின்றன. ஆணி அடித்துப் பிசின் போட்டு ஒட்டிய பிடிகளைத் துளையிட்டு எடுப்பது அனுபவமுள்ளவர் செய்யும் வேலை. பதம் போட்ட டாங்கில் புதுத் துளையிடச் சாதாரணத் துளைப்பான் உதவாது, கார்பைடு முனை வேண்டும். புதுத் துண்டுகளை ஒட்டுமுன் டாங்கையும் துண்டின் உட்புறத்தையும் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். எபாக்ஸிப் பசையை நிதானமாக இறுகவிடுங்கள். பிடியை மிகவும் நெருக்கி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி ஒட்டு பலவீனமாகும்.

மரப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் கவனிக்க: அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்தியோ நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

தடித்த அலகை மின்சாணையில் மெலிதாக்கிக்கொள்ளலாமா?

நீங்களே முயல வேண்டாம் என்பதே என் அறிவுரை. 1095 போன்ற எஃகுகளுக்கு 200 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இறுதிப் பதம் போடுகிறார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் கடினம் குறையும். 300 பாகையை நெருங்கும்போது எஃகில் நீலநிறம் தெரியும். விளிம்போ மிக மெல்லியது, ஒரே நொடியில் சூடேறிவிடும். நீலநிறத்தைத் தேய்த்து அழித்துவிட்டாலும் இறங்கிய பதம் திரும்பாது. கையால் கல்லில் மெலிதாக்குவது பல மணிநேர வேலை என்றாலும் கெடுக்க வழியில்லை. மிகவும் தடித்த அலகென்றால், நீர்த் தெளிப்போடு சாணை பிடிக்கும் தேர்ந்தவரிடம் கொடுங்கள். அல்லது தொடக்கத்திலேயே மெல்லிய அலகுள்ள கத்தியை வாங்குங்கள்.

உறைக்குத் தோலா, கைடெக்ஸா?

ஈரமான இடங்களுக்குக் கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டால் செய்த உறை. தண்ணீரை உறிஞ்சாது, கத்தியைச் சொடுக்கென்று பிடித்துக்கொள்ளும். 2 முதல் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைச் சுமார் 160 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் துவண்டு வரும். பட்டை ஒட்டிய கத்தியின்மீது போர்த்தி, நுரைப்பஞ்சுப் பலகைகளுக்கிடையே அழுத்திக் குளிரவிட்டால் வடிவம் நிலைத்துவிடும். அடியில் நீர் வடிய ஒரு துளை விடுங்கள். மணல் உள்ளே புகுந்தால் அலகில் கீறல் விழும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

தோலுறை சத்தமில்லாதது, இடுப்பில் இதமாகப் படிவது. தாவரப் பதனீட்டுத் தோலையே பயன்படுத்துங்கள். தையல் ஓரத்தில், இரண்டு தோல்களுக்கிடையே 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இன்னொரு தோல்பட்டையை வைத்துத் தைத்தால் கூர்விளிம்பு தையலை அறுக்காது. வீட்டில் இருக்கும் நாட்களில் கத்தியைத் தோலுறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகைப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கச் செய்யும்.

மாற்றங்கள் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தீட்டுவதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. துளையிடுவது, சாணையில் வடிவத்தை மாற்றுவது, சூடேற்றுவது ஆகியவற்றுக்குப் பிறகு உத்தரவாதம் செல்லாது என்று பலர் நிபந்தனை விதிக்கிறார்கள். வேலையைத் தொடங்குமுன் உத்தரவாதச் சீட்டைப் படித்துவிடுங்கள். கழற்றிய பழைய துண்டுகளையும் திருகாணிகளையும் எடுத்துவையுங்கள்.

பயணத்தில் எடுத்துச் செல்ல விதிகள் உண்டா?

மடங்காத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் தக்க காரணமின்றி வைத்திருப்பதே குற்றம். செல்லும் இடத்தின் சட்டத்தை முன்கூட்டியே பாருங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க இயலாது. உறையிலிட்டு, பட்டையால் சுற்றி, சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும்.

முகாமில் இருக்கும்போது பராமரிப்புக்கு என்ன வேண்டும்?

உள்ளங்கை அளவுள்ள வைரத்தட்டு ஒன்று, துணித்துண்டு, சிறு குப்பியில் உணவுத் தரக் கனிம எண்ணெய். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், தற்காலிகத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முழுவதும் மழுங்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு மாலையும் இடுப்புவாரின் உட்புறத்தில் சிலமுறை இழுத்துக்கொண்டால் கல்லின் தேவையே குறைந்துவிடும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பானவற்றை நறுக்கியதும் துடைத்துவிடுங்கள். கழுவிய கத்தியை உறையில் போடுவதற்குமுன், பிடியும் அலகும் சேரும் இடுக்கில் துணியின் ஓரத்தை நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். கார்பன் எஃகில் துரு முதலில் தொடங்குவது அந்த இடுக்கில்தான்.